காது கேளாத குழந்தைக்கு மொழி போய்ச் சேர: பெற்றோருக்கான முழுமையான வழிகாட்டி

குழந்தைக்குக் கேட்டல் குறைபாடு இருக்கிறது என்று தெரிந்துவிட்டது, அல்லது சந்தேகம் வந்து பரிசோதனைக்குப் போய்க்கொண்டிருக்கிறீர்கள். இனி என்ன செய்வது, எதை எதற்கு முன்னால் செய்வது என்பதுதான் இங்கே. பிறந்ததிலிருந்து பள்ளியில் சேரும் வயது வரைக்குமான காலத்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

புதிதாக வரும் குடும்பங்கள் பெரும்பாலும் வரிசையில்தான் தடுமாறுகின்றன. முதலில் மெஷின் (காதில் மாட்டும் கேட்டல் கருவி), மெஷின் போட்டதும் பேச்சு, பேச்சு வந்த பிறகு மற்றதெல்லாம் என்று நினைக்கிறார்கள். இந்த வரிசையில் போனால் குழந்தையின் முதல் இரண்டு மூன்று வருடங்கள் காத்திருப்பதிலேயே போய்விடும். மொழி பிடிபட மிக எளிதான வருடங்களும் அவைதான். காதுக்கான வேலை ஒரு பக்கம் நடக்கட்டும். மொழி அதற்காகக் காத்திருக்கக்கூடாது. கீழே வரும் எல்லாப் படிகளிலும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: நாம் சொன்னது குழந்தைக்குப் போய்ச் சேர்ந்ததா?

1. பரிசோதனையை முழுதாக முடியுங்கள்

பல நாடுகளில் பின்பற்றப்படும் கணக்கு 1-3-6. ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் குறைபாடு உறுதியாக வேண்டும், ஆறு மாதத்துக்குள் உதவி தொடங்கிவிட வேண்டும். நீங்கள் இந்தக் கணக்கைத் தாண்டி வந்திருந்தால் பதற வேண்டாம், ஆனால் இனி ஒரு வாரத்தையும் தள்ளிப் போடாதீர்கள். ஆறு மாதத்துக்குள் குறை கண்டுபிடிக்கப்பட்டு உதவி பெற்ற குழந்தைகளின் மொழி, தாமதமாகக் கண்டுபிடிக்கப்பட்டவர்களைவிட நன்றாக இருப்பதை கிறிஸ்டின் யோஷினாகா-இடானோவின் குழு 1998-லேயே காட்டியிருக்கிறது.

முதலில் செய்யும் ஓ.ஏ.ஈ. சோதனை உள்காதில் உள்ள முடி செல்கள் வேலை செய்கின்றனவா என்று மட்டும் பார்க்கும். அடுத்து வரும் பெரா டெஸ்ட், ஒலி நரம்பு வழியாக மூளைத்தண்டு வரை போகிறதா என்று பார்க்கும். இரண்டும் வேண்டும். நரம்பில் சிக்கல் உள்ள சில குழந்தைகள் முதல் சோதனையில் பாஸாகிவிடும், பெராவில்தான் பிடிபடும். நடுக்காதில் நீர் கோத்திருக்கிறதா என்று பார்க்கும் டிம்பனோமெட்ரியையும் கேட்டு வாங்குங்கள். அதைச் சரிசெய்யாமல் எடுத்த அளவுகளை அப்படியே நம்ப முடியாது.

பின்னால் நின்று கைதட்டிப் பார்ப்பது, தட்டைத் தட்டிப் பார்ப்பது எல்லாம் சோதனையே அல்ல. குழந்தை நிழலைப் பார்த்துத் திரும்பும், தரை அதிர்வதை உணர்ந்து திரும்பும். தட்டின் சத்தம் மட்டும் கேட்டு, பேச்சின் பாதி ஒலிகள் கேட்காமலும் இருக்கலாம். "திரும்புதே, அப்ப கேட்குது" என்று மாதக்கணக்கில் நாளைக் கடத்துவது இப்படித்தான்.

மூளைக்காய்ச்சலுக்குப் பிறகு கேட்டல் போனதென்றால் அது அவசரம். உள்காதில் எலும்பு வளர்ந்து அடைத்துக்கொள்ள வாய்ப்புண்டு. அப்படி அடைத்துவிட்டால் பின்னால் காக்ளியர் இம்ப்ளான்ட் (அறுவைசிகிச்சை செய்து உள்காதில் வைக்கும் கேட்டல் கருவி) வைப்பது கடினமாகிவிடும். உடனே நிபுணரைப் பாருங்கள்.

2. ஆடியோகிராமை நீங்களே படியுங்கள்

எந்தச் சுருதியில் எவ்வளவு சத்தம் இருந்தால் குழந்தைக்குக் கேட்கத் தொடங்குகிறது என்று காட்டும் படம்தான் ஆடியோகிராம். அந்தத் தாளை ஃபைலில் வைத்துவிட்டு "எழுபது பர்சென்ட் கேட்காது" என்று சொல்லிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர். 70 என்பது சதவீதமே அல்ல, டெசிபல். அந்த அளவுக்குச் சத்தம் இருந்தால்தான் குழந்தைக்குக் கேட்கவே தொடங்கும் என்று அர்த்தம். ஒரு மீட்டர் தூரத்தில் நாம் சாதாரணமாகப் பேசுவது ஏறக்குறைய 60 டெசிபல். அப்படியென்றால் மெஷின் இல்லாதபோது நம் சாதாரணப் பேச்சு அந்தக் குழந்தைக்கு எட்டவே எட்டாது.

படத்தில் இடமிருந்து வலமாக ஒலியின் சுருதி ஏறும், பொதுவாக 250-லிருந்து 8000 ஹெர்ட்ஸ் வரை. மேலிருந்து கீழே சத்தம் கூடும். சிவப்பு வட்டம் வலது காது, நீலப் பெருக்கல் குறி இடது காது. கோடு வலப்பக்கம் கீழே சரிந்தால், ஆ, ஊ போன்ற உயிரொலிகள் கேட்கும், ஸ், ஷ் போன்றவை நழுவும். இப்படிப்பட்ட குழந்தை பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பும், சொன்னதைச் செய்யாது. வீட்டில் பிடிவாதம் என்று பெயர் வாங்கும்.

ஆடியாலஜிஸ்டிடம் (கேட்டலைப் பரிசோதிக்கும் நிபுணர்) இரண்டு படம் கேளுங்கள்: மெஷின் இல்லாமல் ஒன்று, மெஷினோடு ஒன்று. இரண்டாவதில் பேச்சொலிகள் எவை இன்னும் எட்டவில்லை என்று குறித்துத் தரச் சொல்லுங்கள். அடுத்த எல்லா முடிவுகளுக்கும் அந்தக் குறிப்புதான் அடிப்படை.

ஒரு காதில் மட்டும் குறை, லேசான குறை என்றால் விட்டுவிடலாம் என்று நினைக்காதீர்கள். சத்தமான இடத்திலும், குரல் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதிலும் இந்தக் குழந்தைகள் திணறுகின்றன. வகுப்பறையில் இந்த இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து வரும்.

3. சைகை மொழியை இப்போதே தொடங்குங்கள்

இந்தப் படியில்தான் வீட்டில் சண்டை வரும். "சைகை கத்துக்கிட்டா பேச்சே வராது" என்று யாராவது ஒருவர் சொல்வார், சில நேரம் மருத்துவரே சொல்வார். அப்படி ஆகும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. சைகை மொழிக்கு அதற்கே உரிய இலக்கணம் உண்டு. காதால் கேட்கும் மொழி மூளைக்கு என்ன தருகிறதோ அதையே கண்ணால் பார்க்கும் மொழியும் தருகிறது. சைகை மொழி புழங்கும் வீட்டில் வளரும் காது கேளாத குழந்தைகள், மற்றக் குழந்தைகள் வாயால் மழலை பேசும் வயதில் கையால் மழலை பேசுவதை லாரா ஆன் பெட்டிட்டோவும் பவுலா மாரன்டெட்டும் 1991-ல் பதிவு செய்தார்கள். பெற்றோருக்குக் காது கேட்கும் வீடுகளிலும், ஆறு மாதத்துக்குள் அமெரிக்கச் சைகை மொழி அறிமுகமான குழந்தைகளின் சொல்வளம் வயதுக்கேற்ப வளர்ந்ததை 2021-ல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. அந்தப் பெற்றோர்கள் எல்லோரும் சைகையில் புலிகள் அல்ல, குழந்தையோடு சேர்ந்து கற்றுக்கொண்டவர்கள்தான்.

மெஷின் பொருந்தி வர வாரங்கள் ஆகும். இம்ப்ளான்ட் என்றால் மாதங்கள், சில நேரம் வருடங்கள். பலன் எவ்வளவு என்பதும் குழந்தைக்குக் குழந்தை மாறும், முன்கூட்டி யாராலும் உறுதி சொல்ல முடியாது. கண்ணோ இன்றைக்கே திறந்திருக்கிறது. பிற்பாடு பேச்சு நன்றாக வந்துவிட்டால், கற்ற சைகையால் நஷ்டம் எதுவும் இல்லை. சைகையும் கற்காமல், பேச்சும் வராமல் போனால், மூன்று வயதில் மொழியே இல்லாத குழந்தை உங்கள் கையில் இருக்கும். அந்த நிலையைச் சரிசெய்வது மிகக் கடினம்.

எப்படித் தொடங்குவது? உங்கள் பகுதியில் காது கேளாதோர் புழங்கும் சைகை மொழி எது என்று பாருங்கள். சைகை மொழி நாட்டுக்கு நாடு மாறும். இணையத்தில் கிடைக்கும் ஏதோ ஒரு நாட்டு வீடியோவைப் பார்த்துக் கற்றால், பின்னால் குழந்தை யாரோடும் பேச முடியாது. முடிந்தால் காது கேளாத பெரியவர் ஒருவரை வாரம் ஒருமுறையாவது வீட்டுக்கு வரவழையுங்கள். மொழியை அவரிடம் கற்கலாம் என்பது மட்டுமில்லை, வளர்ந்த பிறகு தான் எப்படி இருப்போம் என்று குழந்தை பார்க்கும் முதல் ஆளும் அவர்தான். பெற்றோருக்கும் அது தேவை. அமெரிக்கக் கணக்கெடுப்புகளின்படி காது கேளாத குழந்தைகளில் 90 சதவீதத்துக்கும் மேல் காது கேட்கும் பெற்றோருக்கே பிறக்கின்றன. அந்தக் குழந்தையைப் பார்க்கும்வரை காது கேளாத யாரோடும் பழகியே இராதவர்கள்தான் பலர்.

முதலில் மிருகங்களின் பெயர், நிறங்களின் பெயர் என்று அட்டவணை போட்டுக் கற்காதீர்கள். ஒரு நாளில் திரும்பத் திரும்பத் தேவைப்படுபவற்றை எடுங்கள்: பால், இன்னும், வேண்டாம், முடிந்தது, வா, எங்கே, வலிக்கிறது, தூக்கம், அம்மா, அப்பா, பொறு. இவை பத்து நாளில் கைக்குப் பழகும். அப்புறம் இரண்டிரண்டாகச் சேருங்கள்.

இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கும். ஒன்று, வீட்டிலேயே உருவான கை ஜாடை போதும் என்று இருந்துவிடுவது. ஜாடை எதிரே இருக்கும் பொருளுக்குப் போதும். "நேற்று", "ஏன்", "மழை வந்தால் போக மாட்டோம்" என்பதற்கெல்லாம் போதாது. இன்னொன்று, அம்மா மட்டும் கற்பது. அப்படியானால் அம்மா அந்த வீட்டின் மொழிபெயர்ப்பாளர் ஆகிவிடுவார். அப்பாவும் தாத்தாவும் அக்காவும் குழந்தைக்கு வாயசைக்கும் மனிதர்களாகவே இருந்துவிடுவார்கள்.

பேச்சு வழி மட்டும் போதும் என்று முடிவெடுக்கும் குடும்பங்களும் உண்டு. உங்கள் முடிவு அதுவானால், 9-ஆம் படியில் வரும் கணக்கைக் கறாராக வைத்துக்கொள்ளுங்கள்.

4. மெஷினைத் தினமும் காலையில் சோதியுங்கள்

முன்னால் வாங்கி வைக்க வேண்டியவை: பேட்டரி டெஸ்டர், மெஷினின் ஒலியை நீங்கள் கேட்டுப் பார்க்க ஸ்டெதஸ்கோப் போன்ற குழாய், மோல்டில் (காதுக்குள் பொருந்தும் அச்சு) ஈரத்தை ஊதி எடுக்கும் சின்ன பம்ப், இரவில் வைக்க ஈரம் உறிஞ்சும் டப்பா.

முதலில் பேட்டரி. ஸ்டிக்கர் உரிக்கும் வகையென்றால் உரித்து ஓரிரு நிமிடம் காற்றில் வைத்துவிட்டுப் போடுங்கள், நீண்ட நேரம் உழைக்கும். அப்புறம் குழாயை மாட்டி நீங்களே கேளுங்கள். கரகரப்பு, விட்டுவிட்டு வருவது எல்லாம் வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்கும், உள்ளே ஒலியே போகாது.

மெஷினை மாட்டிய பிறகு லிங் சோதனை: ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ். இந்த ஆறு ஒலிகளும் பேச்சின் தாழ்ந்த சுருதி முதல் உயர்ந்த சுருதி வரை பரவியிருப்பதால் ஒரே நிமிடத்தில் விஷயம் தெரிந்துவிடும். குழந்தையின் பக்கவாட்டில் உட்கார்ந்து, வாயசைவு தெரியாமல், சாதாரணக் குரலில் சொல்லுங்கள். இடைவெளியை மாற்றி மாற்றி விடுங்கள், இல்லையென்றால் தாளத்தை வைத்தே ஊகித்துவிடும். கைக்குழந்தை என்றால் அசைவு நிற்பதையும் கண் விரிவதையும் பாருங்கள். இரண்டரை மூன்று வயதில் ஒலி கேட்டதும் ஒரு கட்டையைப் பெட்டியில் போடச் சொல்லலாம். நேற்று வரை வந்த ஸ் இன்று வரவில்லை என்றால் மோல்டு, டியூப், பேட்டரி, காதழுக்கு என்று வரிசையாகப் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தும் வரவில்லையென்றால் ஆடியாலஜிஸ்டிடம் போங்கள். குறை கூடியிருக்கலாம்.

விழித்திருக்கும் நேரம் முழுக்க மெஷின் காதில் இருக்க வேண்டும். கிளினிக்குக்கும் ஸ்பீச் தெரபிக்கும் மட்டும் மாட்டிவிட்டு, தொலைந்துவிடும் என்று வீட்டில் கழற்றி வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மொழி நடப்பது வீட்டில். சட்டையோடு கோத்துவைக்கும் கயிறும் கிளிப்பும் கிடைக்கின்றன.

மெஷின் விசில் அடித்தால் மோல்டு சிறிதாகிவிட்டது என்று பெரும்பாலும் அர்த்தம். குழந்தையின் காது வேகமாக வளரும், முதல் வருடத்தில் சில வாரங்களிலேயே புது மோல்டு தேவைப்படலாம். விசிலை நிறுத்த ஒலியைக் குறைத்து வைத்தால் சத்தம் நிற்கும், கூடவே மொழியும் குறையும். பிடுங்கிப் போட்டால் அடம் என்று முடிவு கட்டாமல் காதில் புண் இருக்கிறதா, ஒலி அதிகமா என்று பாருங்கள்.

பேட்டரிக் கதவு பூட்டும் வகையாக இருக்கட்டும். குழந்தை பேட்டரியை விழுங்கினாலோ மூக்கில் போட்டுக்கொண்டாலோ உடனே அவசரச் சிகிச்சைக்குப் போங்கள், தானாக வெளியே வரும் என்று காத்திருக்காதீர்கள்.

இம்ப்ளான்ட் வைத்தவர்களுக்கு ஒன்று: அறுவைசிகிச்சை முடிந்தவுடன் கேட்காது. சில வாரங்கள் கழித்துத்தான் வெளிக்கருவியை இயக்குவார்கள், பிறகு பலமுறை அளவைத் திருத்துவார்கள். இயக்கிய நாளில் குழந்தை அழுதாலும் சும்மா இருந்தாலும் அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

5. சத்தத்தையும் வெளிச்சத்தையும் சரிசெய்யுங்கள்

மெஷின் உங்கள் குரலை மட்டும் தனியாகப் பெரிதாக்காது. மின்விசிறி, டிவி, பாத்திரச் சத்தம் எல்லாமே அதோடு சேர்ந்து ஏறும். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் குரல் 6 டெசிபல் இறங்கும். அதனால் அடுத்த அறையிலிருந்து கத்துவதைவிட, பக்கத்தில் வந்து சாதாரணமாகச் சொல்வதுதான் தெளிவாகக் கேட்கும். யாரும் பார்க்காத டிவியை அணைப்பது பல வீடுகளில் செலவில்லாத மிகப் பெரிய முன்னேற்றம்.

உங்கள் முகத்தில் வெளிச்சம் விழ வேண்டும். ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் முகம் கறுத்துத் தெரியும், கையும் தெரியாது. காரிலும் இருட்டிலும் பேச்சை முன்னதாகவே முடித்துவிட்டுப் புறப்படுங்கள்.

6. கண் வந்த பிறகு சொல்லுங்கள்

காது கேட்கும் குழந்தை பொம்மையைப் பார்த்துக்கொண்டே "இது பொம்மை" என்பதையும் கேட்டுக்கொள்ளும். காது கேளாத குழந்தைக்கு இரண்டுக்கும் கண் ஒன்றுதான். பொம்மையைப் பார்க்கும்போது உங்களைப் பார்க்க முடியாது, உங்களைப் பார்க்கும்போது பொம்மை இல்லை. கேட்டுப் பழகிய பெற்றோருக்கு இந்த ஒரு விஷயம் பிடிபட நாளாகும். அவர்கள் நிறையச் சொல்கிறார்கள், பாதி குழந்தையின் தலைக்கு மேலே போகிறது. காது கேளாத தாய்மார் குறைவாகத்தான் சொல்வார்கள். ஆனால் குழந்தை பார்க்கும் நேரத்தில் சொல்வார்கள்.

அவர்கள் செய்வதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். குழந்தை எதைப் பார்க்கிறதோ அதையே நீங்களும் பாருங்கள், அங்கிருந்து இழுக்காதீர்கள். அது தானாக நிமிர்ந்து உங்களைப் பார்க்கும் வரை பொறுங்கள், நிமிர்ந்ததும் சொல்லுங்கள். மறுபடி பொருளைப் பார்க்க விடுங்கள். திரும்ப நிமிரும்போது இன்னொன்று சொல்லுங்கள். தொடக்கத்தில் இந்தப் பொறுத்திருத்தல் யுகமாகத் தோன்றும். அந்த மௌனத்தை நிரப்பத்தான் கை பரபரக்கும். நிரப்பாதீர்கள்.

நிமிரவே இல்லையென்றால் வேறு வழிகள் இருக்கின்றன. பொருளை மெதுவாக உங்கள் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். குழந்தை பார்க்கும் இடத்திலேயே, பொருளுக்குப் பக்கத்தில் கையை நீட்டிச் சைகை செய்யுங்கள். கைக்குழந்தையென்றால் அதன் உடம்பின்மேலேயே சைகை செய்யலாம். தோளில் மெல்லத் தட்டலாம், தரையைத் தட்டலாம். தாடையைப் பிடித்துத் திருப்புவது மட்டும் வேண்டாம். முகம் திரும்பும், கவனம் திரும்பாது. கொஞ்ச நாளில் உங்கள் கை வந்தாலே குழந்தை விலகத் தொடங்கும்.

செய்துகொண்டே சொல்லும் பழக்கத்தையும் விட வேண்டும். "இப்ப செருப்புப் போடலாம்" என்று சொல்லிவிட்டு, குழந்தை பார்த்து முடித்த பிறகு செருப்பை எடுங்கள். முதலில் மொழி, அப்புறம் செயல், அப்புறம் மறுபடி மொழி.

கதைப்புத்தகம் படிக்கும்போது மடியில் உட்கார வைத்தால் உங்கள் முகம் தெரியாது. எதிரே உட்காருங்கள், புத்தகம் உங்கள் மார்புக்கு முன்னால் இருக்கட்டும். படத்தை முதலில் பார்த்து முடிக்கட்டும், பிறகு சொல்லுங்கள். அச்சில் உள்ள வரிகளை அப்படியே ஒப்பிக்க வேண்டியதில்லை.

7. முழு வாக்கியமாகக் கொடுங்கள்

குழந்தைக்கு எளிதாக இருக்கட்டும் என்று "பந்து! பந்து!" என்று ஒற்றைச் சொல்லாகவே பேசுபவர்கள் அதிகம். பெயர்ப்பட்டியல் வளரும், மொழி வளராது. தமிழில் இதில் கூடுதல் சிக்கல் இருக்கிறது. நம் மொழியில் பொருளைத் தீர்மானிப்பது சொல்லின் வால். பெட்டியில், பெட்டிக்கு, பெட்டியிலிருந்து, வந்தான், வந்தாள், வருவான், வரமாட்டான். பேசும்போது அந்த வாலைத்தான் நாம் விழுங்குகிறோம். குறைவாகக் கேட்கும் குழந்தைக்கு எட்டுவது "பெட்டி", "வர". மீதியை அது ஊகிக்கிறது, பாதி நேரம் தவறாக.

அதனால் வாக்கியத்தைச் சுருக்காமல், கடைசி அசை தேயாமல் சொல்லுங்கள். கத்த வேண்டாம், வாயைக் கோணவும் வேண்டாம், இரண்டுமே ஒலியையும் உதட்டசைவையும் கெடுக்கும். வேறுபாட்டைச் செயலில் காட்டுங்கள்: பொம்மையைப் பெட்டிக்குள் போட்டு ஒன்று, பெட்டியிலிருந்து எடுத்து ஒன்று, பெட்டிக்குப் பின்னால் ஒளித்து ஒன்று. சைகையில் பேசினால் இந்த உறவுகள் இடத்திலேயே தெரியும், அதுவும் உதவும்.

உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். பல்லி, மல்லி இரண்டும் உதட்டில் ஒன்றுபோலவே இருக்கும். க போன்ற ஒலிகள் தொண்டைப் பக்கத்தில் பிறப்பதால் வெளியே தெரிவதே இல்லை. ஏற்கெனவே மொழி தெரிந்தவருக்குத்தான் உதட்டசைவு உதவும். மொழியைப் புதிதாகக் கற்றுக்கொடுக்க அதனால் ஆகாது.

பெரியவர்கள் தங்களுக்குள் பேசுவதையும் குழந்தைக்குத் தர வேண்டும். கேட்கும் குழந்தைகள் பாதி விஷயத்தை ஒட்டுக்கேட்டே கற்றுக்கொள்கின்றன: யாருக்கு உடம்பு சரியில்லை, யார் மேல் கோபம், நாளைக்கு ஏன் கிளம்புகிறோம். காது கேளாத குழந்தை சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் சிரிப்பதைப் பார்த்துவிட்டு "என்ன?" என்று கேட்கும். "ஒண்ணுமில்ல, அப்புறம் சொல்றேன்" என்பது அந்த வயதில் அது அதிகம் கேட்கும் வாக்கியம். அந்த அப்புறம் வருவதில்லை. இரண்டு வாக்கியத்தில் சுருக்கியாவது அப்போதே சொல்லிவிடுங்கள்.

நினைத்தேன், மறந்துவிட்டேன், தெரியாது, ஏமாந்தேன் போன்ற மனம் சார்ந்த சொற்களையும் வேண்டுமென்றே புழங்குங்கள். "சாவி பையில இருக்குன்னு நினைச்சேன், ஆனா இல்ல." அடுத்தவர் மனதில் இருப்பது தன் மனதில் இருப்பதிலிருந்து வேறாக இருக்கலாம் என்று புரிவதில், மொழி தாமதமான காது கேளாத குழந்தைகள் பின்தங்குகின்றன. சைகை மொழி சரளமாகப் புழங்கும் காது கேளாத பெற்றோரின் குழந்தைகள் பின்தங்குவதில்லை. அப்படியென்றால் குறை காதால் வந்ததல்ல, அப்படிப்பட்ட பேச்சு கிடைக்காததால் வந்தது.

8. குழந்தையின் முறை வரும்போது நிறுத்துங்கள்

சொல்லிவிட்டுப் பொறுங்கள். மனதுக்குள் பத்து வரை எண்ணலாம். குழந்தை கை நீட்டினாலும், ஒலி எழுப்பினாலும், அரைகுறைச் சைகை செய்தாலும் அதைப் பேச்சாக எடுத்துக்கொண்டு பதில் சொல்லுங்கள். "தண்ணி" என்றால் "ஆமா, தண்ணி சில்லுனு இருக்கு" என்று ஒரு படி நீட்டித் திருப்பிக் கொடுங்கள்.

"இது என்ன? இது என்ன நிறம்?" என்று நாள் முழுக்கத் தேர்வு வைக்காதீர்கள். உங்களுக்கே பதில் தெரிந்த கேள்வியால் உரையாடல் வளராது. தவறான உச்சரிப்பை நிறுத்தித் திருத்தி மூன்று முறை சொல்லவைப்பதும், விருந்தினர் முன்னால் "மாமாவுக்குச் சொல்லிக் காட்டு" என்பதும் அப்படித்தான். உச்சரிப்புப் பயிற்சிக்குத் தனி நேரம் ஒதுக்குங்கள், சாப்பாட்டு நேரத்தையும் விளையாட்டையும் விட்டுவிடுங்கள்.

9. போய்ச் சேர்ந்ததா என்று கணக்கு வையுங்கள்

"புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லாக் குழந்தையும் தலையாட்டும். தலையாட்டினால் தொந்தரவு முடிகிறது என்று அவை சீக்கிரமே கற்றுக்கொள்கின்றன. அதற்குப் பதில், கையாலோ கண்ணாலோ குறிப்புக் காட்டாமல் ஒரு வேலை சொல்லுங்கள், வழக்கமில்லாத வேலையாக: "செருப்பைக் கட்டிலுக்குக் கீழே வை." தினசரி வழக்கத்தை வைத்து ஊகிக்க முடியாததாக இருந்தால்தான் மொழி புரிந்ததா என்று தெரியும்.

ஒரு நோட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். புரிந்துகொள்ளும் சொற்கள், தானாகப் பயன்படுத்தும் சொற்கள் என்று இரண்டு பக்கம். சைகையோ பேச்சோ, எல்லாமே கணக்கில் சேரும். ஒரே பொருளுக்கு இரண்டும் தெரிந்தால் ஒன்றாக எண்ணுங்கள். ஏறக்குறைய பத்து மாதத்தில் மழலை (வாயாலோ கையாலோ), ஒரு வயதையொட்டி முதல் சொல், இரண்டு வயதில் குறைந்தது ஐம்பது சொல்லும் இரண்டு சொற்களைச் சேர்ப்பதும் எதிர்பார்க்க வேண்டியவை. கேட்கும் குழந்தைக்கான அதே அளவுதான். "கேட்காத குழந்தைக்கு இது போதும்" என்று அளவைத் தாழ்த்தினால் பிரச்சினை கண்ணிலேயே படாது.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை நோட்டைப் பாருங்கள். ஆறு மாதத்தில் ஆறு மாத வளர்ச்சி வந்திருக்கிறதா? வரவில்லை என்றால் குழந்தையைக் குறை சொல்லாமல் வழியை மாற்றுங்கள்: சைகை இல்லையென்றால் சேருங்கள், வீட்டில் சைகை தெரிந்தவர் ஒருவர் மட்டும் என்றால் மற்றவர்களும் கற்கத் தொடங்குங்கள், மெஷின் அளவை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். "இன்னும் ஆறு மாசம் பார்க்கலாம்" என்று தெரபிஸ்ட் சொன்னால், அந்த ஆறு மாதத்தில் எதை மாற்றப்போகிறோம் என்று கேளுங்கள்.

கேட்டல் அளவையும் தொடர்ந்து எடுங்கள், சில காரணங்களால் வரும் குறை மெல்ல மெல்லக் கூடும். கண்ணையும் கட்டாயம் பரிசோதியுங்கள். இந்தக் குழந்தைக்குக் கண்தான் முதல் வாசல். நடக்கத் தாமதமாகி, இருட்டில் தடுமாறினால் அதைக் கண் மருத்துவரிடம் தனியாகச் சொல்லுங்கள், காதையும் கண்ணையும் சேர்த்துப் பாதிக்கும் அஷர் நோய்க்குறியின் தொடக்கமாக அது இருக்கலாம்.

10. எழுத்தையும் பள்ளியையும் முன்னதாகத் தயார் செய்யுங்கள்

நாம் பேசுவது ஒரு தமிழ், எழுதுவது ஒரு தமிழ். கேட்கும் குழந்தை கதையிலும் செய்தியிலும் எழுத்துத் தமிழைக் கேட்டுக் கேட்டுப் பழகி வகுப்புக்கு வருகிறது. உங்கள் குழந்தைக்கு "போயிட்டான்" தெரிந்திருக்கும், புத்தகத்தில் "போய்விட்டான்" என்று வரும்போது புதுச் சொல்லாகத் தோன்றும். மூன்று வயதிலிருந்தே இரண்டையும் இணைத்துக் காட்டுங்கள். குழந்தை சொன்னதை அதன் கண்ணெதிரே காகிதத்தில் எழுதி, சைகையையும் படத்தையும் எழுதிய சொல்லையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொட்டுக் காட்டுவது நல்ல வழி. வீட்டில் ஓடும் வீடியோக்களில் எழுத்துத் துணை (சப்டைட்டில்) வரும்படி வைத்துவிடுங்கள், படிக்கத் தெரியும் முன்பே.

பள்ளியில் சேர்க்கும் முன் வகுப்பறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். எதிரொலிக்கிறதா, ஜன்னல் எந்தப் பக்கம், ஆசிரியர் கரும்பலகையைப் பார்த்தபடி பேசுகிறாரா? முதல் வரிசையில் உட்கார வைத்தால் போதும் என்று பள்ளி சொல்லும். முதல் வரிசையில் இருந்தால் பின்னால் பேசும் பிள்ளைகள் தெரியமாட்டார்கள். ஓரமாக, ஆசிரியரையும் மற்றவர்களையும் பார்க்கும்படி உட்காருவது மேல். ஆசிரியர் அணிந்து, அவர் குரலை நேராக மெஷினுக்கே அனுப்பும் ரிமோட் மைக் கிடைத்தால் தூரமும் இரைச்சலும் பெரிதும் குறையும்.

ஆசிரியரிடம் எழுதிக் கொடுக்க வேண்டியவை சில: பேசும்போது குழந்தையைப் பார்த்துப் பேசவும். மற்றப் பிள்ளைகள் சொன்ன பதிலைத் திரும்பச் சொல்லவும். எழுதச் சொல்லும்போது பேசாமல் இருக்கவும், இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது. மைக்கை இடைவேளையில் அணைத்துவிட்டு, வகுப்பு தொடங்கும்போது மறக்காமல் போடவும். அடுத்த வாரப் பாடத்தில் வரும் புதுச் சொற்களை வெள்ளிக்கிழமையே வீட்டுக்கு அனுப்பவும். சைகை வழியில் படிக்கும் குழந்தையென்றால் மொழிபெயர்ப்பாளரை ஆண்டு தொடங்கும் முன்பே உறுதி செய்யச் சொல்லி எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த இடம் காலியாகவே கிடந்து பாதி வருடம் போய்விடுவதுண்டு.